கொப்பரையின் மூன்றாவது ஓட்டை

போன சித்திரையில் ஒரு நாள், எங்கள் களத்தில் கிடக்கும் இரும்புக் கொப்பரையைக் காலி செய்து கவிழ்த்துப் போட்டேன். ஒரு காலத்தில் யார் வீட்டிலோ நெல் அவித்த கொப்பரை அது. அகல வாய், உருண்ட அடி, இரண்டு பக்கமும் தூக்குவதற்கு வளையம். கும்பகோணத்துக் காயலான் கடையில் பேரம் பேசி வாங்கி, ஒரு குட்டி லாரியில் ஏற்றி, உருண்டுவிடாமல் இருக்க வழி நெடுக நானே காலால் முட்டுக் கொடுத்து உட்கார்ந்து கொண்டுவந்தேன். ஏறக்குறைய இரண்டு வருஷமாக அதில் அல்லி கிடந்தது. இலை மண்டிப் போய்ப் பூவே விடமாட்டேன் என்று அடம் பிடித்ததால் கிழங்கைப் பிரித்து வைக்கலாம் என்றுதான் கவிழ்த்தேன். அடியில் மூன்று ஓட்டைகள். மூன்றையும் களிமண் வைத்து அடைத்திருந்தது. மூன்றாவது அடைப்பில், மண் ஈரமாக இருந்தபோது அழுத்திய ஒரு கட்டைவிரல் அப்படியே பதிந்திருந்தது. உற்றுப் பார்த்தால் ரேகைகூடத் தெரிந்தது.

அன்றைக்கு என்று பார்த்துத் தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மாள் செடித்தொட்டி வாங்க வந்திருந்தார். புது வீட்டு வாசலில் வைக்க நல்ல பழைய சாமானாக நாலு வேண்டும் என்று களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் தொழில் அதுதான். பால் கேன், துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, மூடி தொலைந்த டிபன் கேரியர், கைப்பிடி போன வாளி, யாரோ வேண்டாம் என்று போட்ட பித்தளைத் தவலை, மருந்து தெளிக்கிற டப்பா என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வந்து, அடியில் மூன்று ஓட்டை போட்டு, மண் நிரப்பிச் செடி வைத்து விற்கிறேன். அந்த அம்மாள் கவிழ்ந்து கிடந்த கொப்பரைப் பக்கம் வந்து நின்றார். "எல்லாத்துலயும் ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க. இதுல மட்டும் போட்ட ஓட்டைய அடைச்சிருக்கீங்களே, ஏங்க?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு வாய் குறைச்சல் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் அடைத்தது நான் இல்லை. அடைத்தவர் ஏன் அடைத்தார் என்பது எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவும் இல்லை.

அடைத்தவர் என் மூத்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன். மூத்தார் என்று எழுதுகிறேனே தவிர, ஒரு நாளும் அவரை நான் அப்படியோ வேறு எப்படியோ கூப்பிட்டது கிடையாது. எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேருக்கு நேர் நின்று பேசும் வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே சோறு. ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் இன்னொரு ஆள் வேண்டும். மாமியார் இருந்தவரைக்கும் மாமியார். அதற்குப் பிறகு என் மகள். "பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அடுப்படியிலிருந்து நான் சொல்வேன். அது அவர் காதில் விழும். விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டார். மகள் போய் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் கை கழுவப் போவார். அவருக்கு வேண்டியதும் அதே வழியாகத்தான் திரும்பி வரும். "அம்மாகிட்ட சொல்லு, மோர் புளிச்சிருச்சு." எனக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொல்வார்.

அவர் மனைவி, கல்யாணமான இரண்டாவது வருஷமே, நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. மறுபடி கட்டிக்கொள்ளவும் இல்லை. என் வீட்டுக்காரர் துபாயில் பிட்டர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவார். இப்படி ஒரு வீட்டில் நானும் மூத்தாரும் இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பேசாத வழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வேலி மாதிரி இருந்தது என்பது போகப் போகப் புரிந்தது. ஒரு சொல்லுக்கு இடம் கொடுக்காமல் இருபது வருஷம் ஓட்டினோம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பதினைந்து மா நிலத்தின் வரப்பையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நண்டு வளை வைத்துத் தண்ணீர் ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்துக் களிமண்ணைக் குழைத்து அடைப்பார். வீட்டுக்கு வந்து கை கழுவினாலும் நகக்கண்ணில் அந்த மண் இருக்கும். அந்த நகக்கண்ணைப் பார்த்தே எந்த வயலில் ஒழுக்கு என்று கண்டுபிடித்துவிடலாம் என்று என் மகள் கேலி செய்வாள்.

அப்புறம் அவர் மதகடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். மூன்று மாதம் கட்டில். எழுந்து நடந்தபோது ஒரு பக்கம் சாய்ந்த நடை வந்திருந்தது. அந்த நடையோடு மறுபடியும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இன்னொரு தடவை விழுந்தால் யார் தூக்குவது? போனில் என் வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று. ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொன்னேன். அழுதும் சொன்னேன். அவர் லீவில் வந்தபோது அண்ணனை உட்கார வைத்துப் பேசினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூத்தார் சொன்னது ஒரே ஒரு சொல். "சரி." மறுநாளிலிருந்து அவர் வயல் பக்கம் போகவில்லை. மண்வெட்டி சுவரோரம் சாய்ந்தே நின்றது.

அந்தச் "சரி" என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இவரோ சரி என்று சொல்லிவிட்டுக் களத்து வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்மேல் கோபமா? வந்தவள் என் நிலத்தைப் பிடுங்கிவிட்டாள் என்று நினைக்கிறாரா? எனக்குத் தெரியவேண்டியிருந்தது இது ஒன்றுதான். கேட்க வழியில்லை. மகளை விட்டுக் கேட்கக்கூடிய கேள்வியா இது?

மகளும் அந்த ஆடியில் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போய் விடுதியில் சேர்ந்துவிட்டாள். நடுவில் இருந்த ஆள் போனதும் வீடு ஊமையாகிவிட்டது. நான் சோற்றைக் கூடத்தில் வைத்துவிட்டு, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவருக்கு எங்கள் நாய் மணி கிடைத்தது. "மணி, கரண்ட் போயிடுச்சு, மோட்டார் போட முடியாது." "மணி, நாளைக்கு ரேசன்ல சர்க்கரை போடுறாங்களாம்." அது எனக்குச் சொல்கிற சேதி. மணி வாலை ஆட்டும். நான் பையை எடுத்துக்கொண்டு ரேசனுக்குப் போவேன்.

பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் இந்தத் தொட்டி வேலையை ஆரம்பித்தேன். போனில் யாரோ பழைய பால் கேனில் ரோஜா வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். இதென்ன பிரமாதம் என்று தோன்றியது. டவுன் பஸ் பிடித்துக் கும்பகோணத்துக்குப் போய்க் காயலான் கடை பாயிடம் ஒரு நசுங்கின பால் கேனை வாங்கி வந்தேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பால் வாங்கவா, பழைய இரும்புக்கா?" என்றார். செடிக்கு என்றதும் சிரித்துவிட்டார். பிறகு பழகிப் போய், நல்ல வடிவான சாமான் வந்தால் எனக்கென்று ஒதுக்கி வைக்கத் தொடங்கினார். என் வீட்டுக்காரர் முன்பு கொண்டுவந்து போட்டிருந்த டிரில் மெஷின் பரண்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கினேன். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து ஓட்டை போட்டு, பழைய கோலம் தெரிகிற மாதிரி பெயின்டைச் சுரண்டி, அதன் மேல் எண்ணெய் தடவி, களத்தில் செங்கல் வைத்து அதன்மேல் வரிசையாக அடுக்கினேன். நெல் காயப்போடுகிற களம் சும்மாதானே கிடந்தது. அதை நினைத்தபோது நெஞ்சில் ஒரு குத்து இருந்தது. இருந்தும் அடுக்கினேன். வேறு இடம் இல்லை.

புரட்டாசி பிறந்ததும் செடிகள் சாகத் தொடங்கின. ஒரு ரோஜா இலை மஞ்சளாகி உதிர்ந்தது. பிறகு நந்தியாவட்டை. பிறகு இரண்டு செம்பருத்தி. நானும் என்னவெல்லாமோ நினைத்துப் பார்த்தேன். போர்வெல் தண்ணீரில் உப்பு என்றேன். வாய்க்கால் மண் ஆகவில்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "ஆத்தாடி, எம்மாம் அழகா வச்சிருக்க!" என்று கன்னத்தில் கை வைத்தது வேறு நினைவுக்கு வந்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். கடைசியில் செத்த செம்பருத்தியைப் பையில் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அந்த ஆள் வேரை முகர்ந்து பார்த்துவிட்டு, "அழுகல் வாடை வருதுங்க. தண்ணி நிக்குது, வடியல" என்றார். எனக்குக் கோபமான கோபம். மூன்று ஓட்டை போட்டிருக்கிறேன், எப்படி நிற்கும் என்று கேட்டுவிட்டு வந்தேன். வந்த கையோடு ஒரு கேனைச் சாய்த்துப் பார்த்தேன். ஓட்டை மூன்றும் மண்ணால் அடைபட்டிருந்தன.

முதலில் குளவி என்றுதான் நினைத்தேன். குளவிதானே கண்ட ஓட்டையிலும் மண் வைத்துக் கூடு கட்டும்? குச்சியால் குத்தி எடுத்துப் போட்டேன். பத்து நாளில் மறுபடியும் மண். இந்தத் தடவை உதிர்த்துப் பார்த்தேன். நன்றாகக் குழைத்த களிமண்ணில் உமி கலந்திருந்தது. உமி கலந்து மண் குழைக்கிற குளவி எந்த ஊரிலும் கிடையாது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நாயைச் சேர்த்தால் மூன்று.

அதற்குப் பிறகு எட்டு ஒன்பது மாதம் நடந்ததை என்னவென்று சொல்வது என்றே தெரியவில்லை. நான் குத்தி எடுப்பேன். அவர் அடைப்பார். நான் ஓட்டையைப் பெரிதாக்கினேன். அவர் தேங்காய் நார் வைத்து அதன்மேல் மண் பூசினார். ஒரு தடவை தாரை உருக்கிப் பூசியிருந்தார். மண் நிரப்பிய தொட்டியை அவரால் தூக்க முடியாது. செங்கல்லுக்கு நடுவில் கையை விட்டுத்தான் அடைக்க வேண்டும். அதற்கு அந்தத் தகடு வைத்த இடுப்போடு தரையில் படுக்க வேண்டும். நான் கடைக்கோ ரேசனுக்கோ போகிற நேரம் பார்த்துக் களத்துத் தரையில் படுத்து அந்த மனுஷர் என் தொட்டிகளை அடைத்திருக்கிறார். திரும்பி வரும்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சட்டை முதுகில் மண் ஒட்டியிருக்கும். நான் சட்டையைப் பார்ப்பேன். அவர் மரத்தைப் பார்ப்பார். சோறு எடுத்து வச்சிருக்கு என்று சுவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இது நிலத்துக்குப் பழி என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அவர் வயலை நான் எடுத்தேன், என் செடியை அவர் சாகடிக்கிறார். அப்படித்தானே நினைக்க முடியும்? என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல, எலியா இருக்கும்" என்றார். எலி தார் உருக்குமா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது, அல்லது கட் பண்ணிவிட்டார். மகளிடம் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நீயே போயி கேளேன்மா. என்ன, தலையா போயிடும்?" எனக்கோ தலை போகிற விஷயமாகத்தான் இருந்தது. ஒருவர் நம்மை வேண்டாம் என்று நினைக்கிற வீட்டில் எத்தனை நாள் சோறு பொங்கிப் போட முடியும்? பேசாமல் கோயம்புத்தூரில் ஒரு ரூம் எடுத்து மகளோடு போய் இருந்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்தேன். அவர் வாயால் ஆமாம், கோபம்தான் என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், கிளம்பிவிடுவேன்.

ஆனி மாதம் அந்தக் கொப்பரை வந்தது. காலையில் ஓட்டை போட்டுக் களத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மொபைலை மறந்துவிட்டு வந்தது பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பினேன். களத்தில் அவர் கொப்பரைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு நிறையக் குழைத்த மண். இரண்டு ஓட்டை அடைத்தாகிவிட்டது. மூன்றாவதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். எப்படி அழுத்தினார் தெரியுமா? குழந்தைக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி, அவ்வளவு கவனமாக. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்து போயிற்று. நேரே போய் அவர் முன்னால் நின்றேன். இருபது வருஷத்தில் முதல் தடவை.

"எதுக்கு அடைக்கிறீங்க?"

அவர் எழுந்திரிக்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை. தோள் துண்டு நழுவி மண் தட்டில் விழுந்தது. என்னைப் பார்க்காமல், பக்கத்தில் படுத்திருந்த மணியைப் பார்த்துச் சொன்னார். "ஒழுவுது. அதான் அடைச்சேன்." துண்டை எடுத்து உதறிக்கொண்டு, இன்னும் மணியைப் பார்த்தபடியே, "பாயி ஓட்ட சாமானாப் பாத்துக் குடுத்து ஏமாத்திக்கிட்டிருக்காரு. சொன்னா மனசு கஷ்டப்படும். அடைச்சு வச்சிட்டாத் தெரியாதுல்ல."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எட்டு மாதமாகப் பழி என்று நினைத்துப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்த மனுஷர் நான் ஏமாந்தது எனக்குத் தெரியக் கூடாது என்று படுத்துப் படுத்து அடைத்திருக்கிறார். "ஓட்டை போட்டது நான்தாங்க. செடிக்குத் தண்ணி வடியணும்" என்றேன். "தண்ணி நிக்காம என்ன செடி?" என்று மணியிடம் கேட்டார். நெல்லைத் தவிர வேறொன்றும் வைத்து அறியாத மனுஷர், பாவம், என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நிலத்தை விட்டதில் என்மேல் கோபமா என்று அப்போதே கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இனி எதற்கு அது, பதில்தான் கிடைத்துவிட்டதே என்று முழுங்கிவிட்டேன். அந்த முழுங்கலுக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து வாய்க்காலிலிருந்து ஒரு அல்லிக் கிழங்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "மணி, அடைச்சது அடைச்சதாவே இருக்கட்டும். தண்ணி நிக்கிறதுல இது வரும்" என்று சொல்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் வேறு எதையும் அடைக்கவில்லை. டிரில் மெஷினை எடுத்து எனக்காக ஓட்டையும் போட்டுத் தந்தார். ஒவ்வொரு ஓட்டையும் அளவெடுத்த மாதிரி இருக்கும். நேருக்கு நேர் பேச்சு மட்டும் அந்த ஒரு நாளோடு சரி. மறுபடியும் சுவரும் நாயும்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த மௌனம் எனக்குக் கனக்கவில்லை. பெட்டியைப் பரண்மேல் ஏற்றினேன். அந்த மாசியில், குத்தகைக்காரர் அறுப்பு முடித்த வாரம், சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடி நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திரிக்கவில்லை. காபி எடுத்து வச்சிருக்கு என்று நான் சுவரிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவரிடமே சொன்னேன். அப்படியே கதறிவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டு அமைதியாக இருந்திருப்பேன். துக்கமெல்லாம் அடங்கிச் சில மாதம் கழித்துக் காயலான் கடைக்குப் போனேன். பாய் நாற்காலி போட்டு உட்கார வைத்து, விசாரித்துவிட்டுச் சொன்னார். "நல்ல மனுசரும்மா. ஒரே ஒரு தடவைதான் கடைக்கு வந்திருக்காரு. மழையில தொப்பறையா நனைஞ்சு, சாஞ்சு சாஞ்சு நடந்து வந்து, எங்க வீட்டுப் புள்ளைக்கு ஏன் ஓட்டச் சாமானாக் குடுக்குறன்னு ஒரு புடி புடிச்சிட்டாரு. நான் ஓட்டையில்லாமத்தாங்க குடுக்குறேன், அவங்கதான் செடி அழுகாம இருக்க ஓட்டை போட்டுக்கிறாங்கன்னு வெவரமாச் சொன்னேன். ஓகோன்னாரு. டீ வாங்கிக் குடுத்தேன், குடிச்சிட்டுப் போனாரு."

எப்போது என்று கேட்டேன். பழைய கடையில்தான், தீபாவளிக்கு முன்னால் என்றார். நான் தொட்டி வேலையை ஆரம்பித்த வருஷம் கார்த்திகையிலேயே பழைய கடையைக் காலி செய்துவிட்டு இந்த இடத்துக்கு மாறியவர் அவர். அப்படியானால் ஐப்பசி. நான் குளவி என்று நினைத்துக் குச்சியால் குத்திக்கொண்டிருந்த காலம். கொப்பரைக்கு எட்டு மாதம் முந்தி. பாயிடம் நாலு தடவை கேட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டை போட்டது நான் என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் படுத்துப் படுத்து அடைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவருக்கு இது பாய் சொல்லியா தெரிய வேண்டும்? அடைமழை பிடித்தால் பயிர் அழுகிவிடும் என்று மண்வெட்டியோடு ஓடி வடிகாலை வெட்டிவிடுகிறவர். தண்ணீர் நின்றால் வேர் என்னவாகும் என்பதை என் நர்சரிக்காரருக்கே அவர் சொல்லிக்கொடுப்பார். அப்படியானால் தண்ணீர் நிற்காமல் என்ன செடி என்று கேட்டது? ஒழுகுகிறது என்று சொன்னது? பழியைத்தான் செய்துகொண்டிருந்து, கையும் களவுமாக அகப்பட்டதும் எனக்கு நோகாமல் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தாரா? அப்படி என்றால் நான் அழுது சிரித்ததைப் பார்த்து அவர் மனதில் என்ன ஓடியிருக்கும்? கோபம் அன்றோடு போயிற்றா, கடைசி வரை இருந்ததா? மகளிடம் சொன்னபோது, "உன்கிட்ட பேசிக்கிட்டிருந்திருக்காரும்மா. நீ குத்துறதும் அவரு அடைக்கிறதுமா எட்டு மாசம் நல்லாத்தான் பேசியிருக்கீங்க" என்றாள். என் வீட்டுக்காரர், அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது, வரப்பு போனதால் தொட்டியை அடைத்திருப்பார் என்கிறார். ஒவ்வொன்றும் சொல்லும்போது சரியாக இருக்கிறது. ராப்பகலாக அடுத்ததை யோசித்தால் முந்தியது கலைந்துவிடுகிறது. நாயாவது சொல்லுமா என்று மணியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். அது வாலை ஆட்டுகிறது.

சித்திரை வெயிலில் கவிழ்த்த கொப்பரை சூடேறியது. ஈரத்திலேயே கிடந்த களிமண் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. முதல் அடைப்பு கை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, விரல் பதிந்தது, குறுக்கே கீறல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே பெயர்த்து ஒரு டப்பாவில் பஞ்சு போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அல்லது டிரில்லை எடுத்து மூன்றையும் திறந்துவிட்டு, எல்லாத் தொட்டியையும் போல இதையும் விற்றுவிடலாம். தஞ்சாவூர் அம்மாள் வாங்கத் தயாராகத்தான் நின்றார். நான் வாய்க்காலுக்குப் போய்க் களிமண் அள்ளி வந்தேன். உமியைப் போட்டு மிதித்துக் குழைத்தேன். உதிர்ந்த இரண்டையும் அடைத்தேன். மூன்றாவதில், அவர் விரல் இருந்த குழியின் மேலேயே ஈர மண்ணை வைத்து, என் கட்டைவிரலால் அழுத்தினேன். கண் மறைத்தது. மண் நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். "நீங்களே அடைக்கிறீங்களா? ஏங்க?" என்று மறுபடியும் கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வரவில்லை. நிழலில் படுத்திருந்த மணியைப் பார்த்து, "ஒழுவுது. அதான் அடைச்சேன்" என்றேன்.